பீடோங்கின் 11ஆம் எண் சண்டி: தோட்டத்து எல்லைக்கல்லும் நாட்டு எல்லைக்கோடும்

2013 டிசம்பர் முதல் வாரத்தில் வட மலேசியத் தமிழர்களிடையே பேச்சு ஒன்றே ஒன்றுதான். கெடா மாநிலம் பீடோங் அருகே, சுங்கை பத்து தோட்டத்து நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி போய்விட்டது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இயந்திரம் அதையும் சேர்த்து வாரிவிட்டது. பழங்கோயில், வழிபாட்டு மேடை போன்றவற்றின் இடிபாட்டை இந்தப் பக்கத்தில் எல்லாரும் சண்டி என்றுதான் சொல்வோம். ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமையானது என்று நாளேடுகள் எழுதின.

செய்தியை ஊருக்குச் சொன்னவர் கெடா அரசில் இருந்தவர் இல்லை. மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பினாங்கு மாநிலத்தின் அன்றைய இரண்டாம் துணை முதல்வர் பேராசிரியர் பி. இராமசாமி. கெடா அரசுத் தரப்பின் பதில் சுருக்கமாக இருந்தது: நிலம் தனியாருடையது, அந்த இடம் அரசிதழில் ஏறியதில்லை. இரண்டும் உண்மைதான். இந்த ஆய்வு அந்த இரண்டு உண்மைகளைச் சுற்றியே போகிறது.

அப்போது எழுந்த கண்டனங்களில் பெரும்பாலானவை ‘இந்துக் கோயிலை இடித்துவிட்டார்கள்’ என்ற குரலில் வந்தன. கோபம் நியாயமானது. ஆனால் விஷயம் அந்தப் பாதையில் போனதும் பதிலும் சமயம், அரசியல் என்றே வந்தது. அந்த இடத்தைப் பட்டியலில் ஏற்றியிருக்க வேண்டியவர் யார், ஏன் ஏற்றவில்லை என்ற சலிப்பூட்டும் கேள்வியைத் தொடர்ந்து கேட்டவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

பீடோங் என்ற தோட்டப் பட்டணம்

சுங்கை பட்டாணிக்கு வடக்கே, பழைய அலோர் ஸ்டார் சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்த சிறு பட்டணம் பீடோங். சுற்றிலும் இருந்த பால்மரத் தோட்டங்களுக்கு இதுதான் சந்தை, மளிகை, அடகுக் கடை எல்லாம். மேற்கே போனால் செமிலிங், அதற்கப்பால் மெர்போக். வடமேற்கில் 1,217 மீட்டர் உயரத்துக்கு ஜெராய் மலை நிற்கிறது. கடலில் வரும் கப்பலுக்குக் கரை எங்கே என்று காட்டிய மலை அது. எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதும் செமிலிங்கில்தான். ஆக, இந்தியச் சமூகம் எழுப்பிய பல்கலைக்கழகமும் பழைய கடாரத்தின் இடிபாடுகளும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன.

ஜெராய் மலையைச் சுற்றிய இந்த இடிபாட்டு வட்டாரத்தைப் பூஜாங் பள்ளத்தாக்கு என்று பாடநூலில் படிக்கும்போது ஏதோ மலைகளுக்கு நடுவே உள்ள ஒரே இடம் என்ற எண்ணம் வரும். நேரில் வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு சண்டி செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) நடுவே இருக்கும், இன்னொன்று கம்பத்து வீட்டின் பின்புறம், மற்றொன்று ஓடைக்கரையில். நம் கண்ணுக்குப் பழகிய கோபுரம், பிரகாரம் எதுவும் கிடையாது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடித்தளம். அதன்மேல் வரிசையாகத் தூண்களைத் தாங்கிய கற்கள். மேலே இருந்தது மரமும் ஓலையும் என்பதால் அது மக்கிப் போய்விட்டது. மழை பெய்த மறுநாள் பார்த்தால் பாசி பிடித்த செங்கலும் மண்ணும் ஒரே நிறமாகத் தெரியும். விவரம் தெரியாத டிராக்டர் ஓட்டுநருக்கு அது பழைய கொட்டகையின் அடித்தளமாகத் தெரிந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இந்த இடங்களுக்கு எண் கிடைத்த கதையும் தோட்டங்களோடு சேர்ந்ததுதான். 1840களில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஜெராய் அடிவாரத்து இடிபாடுகளைப் பற்றி எழுதினார். அப்புறம் ரப்பர் வந்தது, காடு அழிந்தது, செங்கல் வெளியே தெரிந்தது. 1936–37இல் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் வந்து சுமார் 30 இடங்களைத் தோண்டி, வரிசையாக எண் போட்டு, 1940இல் அறிக்கை வெளியிட்டார்கள். 11 என்ற எண் அந்த வரிசையைச் சேர்ந்தது. 1940இல் அச்சேறிய ஓர் இடம் 2013இல் ‘பதிவில் இல்லாத’ இடமாகிவிட்டது. ஆய்வாளர் பட்டியலில் இருந்தது, நில அலுவலகத்தின் பட்டியலில் இல்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த இரண்டு பட்டியலும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

ஆறும் கடலும் பிரித்துப்போட்ட பரவல்

பூஜாங் இடிபாடுகளின் பரவலைப் புரிந்துகொள்ள இன்றைய சாலை வரைபடம் உதவாது. அன்று கடல் இன்னும் உள்ளே இருந்தது. மெர்போக் முகத்துவாரம் அகலமாகக் கிடந்தது. பிறகு வண்டல் படிந்து கரை மேற்கே நகர்ந்தது. அதனால்தான் துறைமுகமாக இருந்த இடமெல்லாம் இன்று வயலும் தோட்டமுமாக இருக்கின்றன. மூடா ஆற்றங்கரையில் சுங்கை மாஸ். மெர்போக்கின் கிளையாறான பூஜாங் ஓரத்தில் பெங்காலான் பூஜாங். சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் மணிகளும் குவியலாகக் கிடைத்த இடம். ஜெராய்ச் சரிவில், ஓடைக்கரையில், கருங்கல்லால் ஆன புக்கிட் பத்து பாஹாட் சண்டி. விமானமும் மண்டபமுமாக, தென்னிந்தியக் கோயில் அமைப்பைக் கண்ணால் பார்க்க முடிகிற ஒரே இடம் இது என்று சொல்லலாம். 1959–60இல் அலாஸ்டர் லேம்ப் இதை மீண்டும் எடுத்துக் கட்டினார்.

சுங்கை பத்துவில் இருப்பது இன்னொரு வகை. 2000களின் இறுதியிலிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் செம்பனைத் தோட்டத்துக்குள் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகள், காற்று ஊதும் மண்குழாய்கள், படகுத்துறைகள், வட்ட வடிவச் செங்கல் மேடை ஒன்று என்று வரிசையாக வெளியே எடுத்தார்கள். அங்கே சொல்லப்படும் கி.மு. காலக் கணிப்பை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. இரும்பு செய்து, ஏற்றி, விற்ற ஊர் என்பதில் சந்தேகம் இல்லை. இங்கே வாழ்ந்தவர்கள் உள்ளூர் மக்கள். வந்து போனவர்களில் தமிழ் வணிகரும் உண்டு, சீனர், அரபியரும் உண்டு. பௌத்தமும் சைவ, வைணவமும் கலந்தே இருந்தன. ‘இது முழுக்க நம்முடையது’ என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நமக்கும் பங்கு உண்டு என்பதே போதுமான பெருமை.

சரி, கெடாவைத் தாண்டிப் பார்ப்போம். தெற்கே மூடா ஆற்றைக் கடந்தால் செபராங் பிறை. 1800 வரை அதுவும் கெடா சுல்தானின் நிலம்தான். அங்கே 1834இல் லோ கண்டெடுத்தது மகாநாவிகன், அதாவது பெரிய மாலுமி, புத்தகுப்தனின் கல்வெட்டு, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் என்ற எழுத்துப் பொறித்த பாறை, புனித அன்னாள் தேவாலயத்து வளாகத்துக்குள் பத்திரமாக நிற்கிறது.

வடக்கே பீடோங்கிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் புக்கிட் காயு ஹீத்தாம் சாவடி. வார இறுதியில் ஹாட்ஜாய் போகிறவர்கள் கடப்பிதழை நீட்டும் அதே இடம். அதைத் தாண்டினாலும் அதே கதை தொடர்கிறது. பத்தானி அருகே யாராங்கில் பழைய இலங்காசோக அரசின் செங்கல் மேடைகள். மேற்குக் கரையில் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு: அவனிநாரணம் என்ற குளத்தையும் அதன் காவலுக்குப் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்கிறது. கிராபி மாகாணத்தின் குலோங் தோமில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த சின்னஞ்சிறு உரைகல். பொன்னை உரசிப் பார்க்க ஒரு தட்டான் வைத்திருந்த கல். ரானோங்கில் பூ காவ் தோங் என்ற இடத்தில் தமிழ்ப் பிராமி கீறிய பானை ஓடு.

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியை நாம் போர்ப் பட்டியலாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அதையே ஊர்ப் பட்டியலாகப் படித்துப் பாருங்கள். கடாரம் இன்று மலேசியாவில். இலங்காசோகமும் மாதமாலிங்கமும் தாய்லாந்தில். ஸ்ரீவிசயமும் இலாமுரிதேசமும் இந்தோனேசியாவில். மானக்கவாரம் இந்தியாவின் நிக்கோபார். ஒரே மூச்சில் சொன்ன ஊர்கள் நான்கு நாடுகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. இதில் கெடா–தாய்லாந்துக் கோடு மிகப் புதியது. 1909ஆம் ஆண்டு ஆங்கிலேய–சயாம் உடன்படிக்கையில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு இந்தப் பக்கம் வந்தன. அதுவரை கெடாவோடு சேர்ந்திருந்த சத்தூன் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஜெராய் அடிவாரத்துச் செங்கலையும் யாராங் செங்கலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வாளர், இன்று இரண்டு நாட்டுத் துறைகளிடமும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும்.

இடித்தது எந்த எல்லை?

எல்லைப்புறப் பாரம்பரியம் என்று கருத்தரங்கு நடத்தினால் பேச்சு நாட்டு எல்லையில்தான் சுற்றும். பீடோங் நிகழ்வை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் மூன்று எல்லைகள் தெரிகின்றன. 11ஆம் எண் சண்டியைப் பலி கொண்டது அவற்றில் ஆகச் சிறியது.

நாட்டு எல்லை செய்த கெடுதல் மறைமுகமானது. பரவலை முழுதாகக் காட்டும் ஒரே வரைபடம் யார் மேசையிலும் இல்லாமல் செய்தது. இரண்டாவது, கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான எல்லை. 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குப் பதிலாக 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்து, 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. பாரம்பரிய ஆணையர் என்ற பதவியும் வந்தது. ஆனால் மலேசியாவில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க கோலாலம்பூர் விரும்பினாலும் மாநில அரசின் இசைவு வேண்டும், நில உரிமையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும், அவர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இப்படி ஓர் ஏற்பாட்டில் யாரும் முதல் அடி வைக்காமல் இருப்பதே எல்லாருக்கும் வசதி. கூட்டரசு ‘மாநிலம் கேட்கவில்லை’ என்று சொல்லலாம், மாநிலம் ‘ஆணையர் முன்மொழியவில்லை’ என்று சொல்லலாம்.

மூன்றாவது, தோட்டத்து எல்லைக்கல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க் கட்டுரைகளில் இது வருவதில்லை.

ஒரு தோட்டம் விற்கப்படும்போது காகிதத்தில் நடப்பது இதுதான். விவசாயம் என்று எழுதிய கெரான் (நில உரிமைப் பத்திரம்) இருக்கிறது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அதைக் கட்டடம் என்று மாற்ற மாநில அதிகாரத்திடம் விண்ணப்பம் போகிறது. அப்புறம் திட்ட அனுமதிக்காக நகராண்மைக் கழகத்துக்கு வரைபடம் போகிறது. சாக்கடை, சாலை, தீயணைப்பு, மின்சாரம் என்று ஒவ்வொரு துறையாகக் கருத்துச் சொல்கிறது. நில அளவை வரைபடத்தில் லாட் எண் (நிலத் துண்டின் எண்), பரப்பு, ஓடை, சாலை ஒதுக்கீடு எல்லாம் இருக்கும். அதில் ‘செங்கல் அடித்தளம்’ என்று ஒரு புள்ளி இருந்திருந்தால் யாராவது ஒரு குமாஸ்தா பேனாவை நிறுத்தியிருப்பார். அரசிதழில் ஏறாத இடத்துக்கு அந்தப் புள்ளி விழுவதில்லை. ஆகவே எந்தத் துறையின் மேசையிலும் 11ஆம் எண் சண்டி ஒரு பிரச்சினையாக எழும்ப வழியே இல்லை.

இந்த வழிமுறை தோட்டத் தமிழனுக்குப் புதிதா என்ன? நம் தோட்டத்துக் கோயில்களுக்கு நடந்ததும் இதுவே. முனீஸ்வரனுக்கும் மாரியம்மனுக்கும் மூன்று தலைமுறை பொங்கல் வைத்திருப்போம். தீமிதிக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் லாரி ஏறி வந்திருப்பார்கள். ஆனால் கோயில் நின்ற மண் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருக்கும். துரை வாய்மொழியாகக் கொடுத்த இடம். தோட்டம் கைமாறியதும் கோயில் நிர்வாகத்துக்குக் கடிதம் வரும். அப்புறம் கூட்டம், மனு, சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசல், கடைசியில் தாமானின் (புது வீடமைப்புப் பகுதியின்) ஒரு மூலையில், பெரும்பாலும் சாக்கடை ஒதுக்கீட்டுக்குப் பக்கத்தில், ஒரு துண்டு நிலம். பாலாலயம் செய்து சாமியை எடுத்துக்கொண்டு போவோம். எல்லாக் கோயிலுக்கும் அந்தத் துண்டும் கிடைத்ததில்லை.

வித்தியாசம் ஒன்றுதான். முனீஸ்வரனுக்காகப் பேச ஒரு தலைவர், ஒரு செயலாளர், சந்தாப் புத்தகம் வைத்திருக்கும் ஒரு பொருளாளர் இருந்தார்கள். சண்டிக்கு யாரும் இல்லை. அது இருந்த இடம் தெரிந்தவர்கள் பால் வெட்டியவர்களும் வெளிக்காட்டு வேலை பார்த்தவர்களும்தான். நிரைக்கு நிரை நடந்தவர்கள்; எந்த மரத்தடியில் கல் தட்டும், மண்வெட்டி எங்கே எகிறும் என்று காலுக்குத் தெரிந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பாதிப் பேர் வெளியேறினார்கள். லயங்கள் காலியானபோது மீதிப் பேரும் சுங்கை பட்டாணித் தாமான்களுக்கும் பட்டர்வொர்த் ஆலைப் பக்கமும் போனார்கள். அவர்களோடு அந்த அறிவும் போய்விட்டது. ஆய்வாளர் யாரும் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, லாட் எண்ணோடு சேர்த்து எழுதியதாக எனக்குப் படவில்லை. கேட்டிருந்தால் 30 என்ற எண்ணிக்கை எப்போதோ கூடியிருக்கும்.

புதைபொருள் எதையாவது கண்டால் ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் வேலை செய்யும் இடத்தில், கங்காணிக்கும் மண்டோருக்கும் மேல் யாரிடமும் பேசிப் பழகாத தொழிலாளி, மாவட்ட அலுவலகத்துக்குப் போய் ‘ஐயா, எங்கள் தோட்டத்தில் பழைய செங்கல் கிடக்கிறது’ என்று சொல்வார் என்று எதிர்பார்ப்பது, தோட்ட வாழ்க்கையைத் தெரியாதவர் எழுதியது போல இருக்கிறது.

காவலுக்கு யார் இருந்தார்கள்

காப்பாற்றப்பட்டவற்றைப் பார்த்தாலும் இதே பாடம்தான் திரும்ப வருகிறது. கருங்கல்லோ செங்கல்லோ, தப்பித்தவற்றுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு காவல் இருந்தது. செரோக் தோக்குன் பாறை தேவாலயத்து வளாகத்தில் இருந்ததால் தப்பியது. குலோங் தோம் உரைகல் இருப்பது அந்த ஊர்ப் பௌத்த மடத்தின் அருங்காட்சியகத்தில். மணிகளுக்காக மண்ணைக் கிளறிச் சூறையாடிய அந்த ஊரில், கிடைத்ததைச் சேர்த்து வைத்தது மடம். தக்குவாபாவின் விஷ்ணு சிலைத் தொகுதியை மரத்தின் வேர்கள் அணைத்துக்கொண்டு நின்றன. சுற்றுவட்டார மக்கள் அதைச் சாமியாகவே வைத்திருந்தார்கள்.

தாய்லாந்தில் 1961ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமும் நுண்கலைத் துறையும் இருக்கின்றன. அதிகாரம் நடுவில் குவிந்த நாடு என்பதால் பதிவு செய்ய மாநில இசைவு என்ற படி அங்கே இல்லை. அதனால் அங்கே எல்லாம் செம்மை என்று நினைக்க வேண்டாம். தென் எல்லை மாகாணங்களில் 2004க்குப் பிறகு நிலவும் வன்முறையில் யாராங் பக்கம் போய் ஆய்வு செய்வதே பெரும்பாடு.

நம் பக்கத்தில் காவலாக வந்தது மெர்போக் அருங்காட்சியகம். 1980இல் திறந்தார்கள். பெண்டியாட், பெண்டாங் டாலாம் போன்ற சண்டிகளைப் பெயர்த்து எடுத்து வந்து, புக்கிட் பத்து பாஹாட் சண்டிக்கு அருகே வளாகத்துக்குள் திரும்ப அடுக்கினார்கள். அழிவதற்கு இது மேல். ஆனாலும் ஆற்றங்கரையில் இருந்த மேடையை மலைச்சரிவுக்குக் கொண்டுவந்த பிறகு, அது ஏன் அந்த ஆற்றுத் திருப்பத்தில் கட்டப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் திறன் அதற்குப் போய்விடுகிறது. பரவல்தான் இந்தப் பாரம்பரியத்தின் உயிர். ஓர் இடத்தில் குவித்துவிட்டால் மிஞ்சுவது மாதிரிப் பொருள். 2013க்குப் பிறகு ‘திரும்பக் கட்டித் தரலாம்’ என்று எழுந்த பேச்சை நான் இதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச் செங்கல் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். கலையாமல் அடுக்கடுக்காகப் படிந்த பழைய மண்ணை, அந்த மண்ணடுக்கை, வாங்க முடியாது.

மண்ணடுக்கு போனால் என்ன இழப்பு என்பதற்குக் கெடாவிலேயே சாட்சி இருக்கிறது. ஜெராய்க்கு வடக்கே புக்கிட் சோராஸ் என்ற சிறு குன்று. வேல்ஸ் 1930களில் பார்த்து, பௌத்தத் தூபி என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போன இடம். நல்லவேளையாக யாரும் அங்கே வீடு கட்டவில்லை. 2020களில் முறையாகத் தோண்டியபோது சுதையால் செய்த ஆளுயரச் சிலைகளும் எழுத்துப் பொறிப்பும் வெளிவந்தன. எண்பது ஆண்டுக்கு முன் சில பத்திகளில் முடிந்துபோன இடம், தென்கிழக்காசிய ஆய்வாளர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 11ஆம் எண் சண்டியையும் அதே வேல்ஸ்தான் அதே வேகத்தில் எழுதினார். அதன் கீழே என்ன இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எல்லை தாண்டிப் போன தோட்டக்காரர்கள்

பீடோங் போன்ற ஊர்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாரம்பரியமும் கிடக்கிறது. இதற்கு வயது நூறுகூட ஆகவில்லை. 1942–43இல் சயாம்–பர்மா ரயில் பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வடக்கே பாடாங் பெசார் வழியாகப் போன ரயிலில். 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. கெடாத் தோட்டங்களில் அந்தக் கதை இல்லாத பழைய குடும்பம் அரிது.

காஞ்சனபுரி நகரத்தில் நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஒழுங்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் பெயர், படைப்பிரிவு, வயது. புல் வெட்ட ஆள், பதிவேடு காக்க அமைப்பு. அதே ஊரில் 1990இல் கரும்புக் கொல்லையில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் குவியலாக வெளிவந்தன. தாவோர்ன் வராராம் விகாரையில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. 2023இல் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் அங்கே நடுகல் நாட்டினார்கள். பெயர்கள் கிடையாது. படைவீரனின் பெயர் படைப் பதிவேட்டில் இருந்தது. தொழிலாளியின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) இருந்தது, செக்ரோல் கரையானுக்குப் போனது.

சண்டிக்கும் சயாம் மரண ரயிலுக்கும் முடிச்சுப் போடுவது எதற்கு என்று கேட்கலாம். இரண்டிலும் ஒரே ஓட்டைதான். எழுதி வைத்தவர் கை எங்கே நின்றதோ அங்கே பாதுகாப்பும் நின்றுவிட்டது. விகாரையில் நடுகல் நிற்கிறது என்றால் அங்கேயும் ஒரு மடம் இடம் கொடுத்ததால்தான்.

இனி நிலத்தில் செய்ய முடிவது

பூஜாங் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் ஏறியபோது இந்த ஆசை கூடியது. ஏறினால் மகிழ்ச்சி. ஆனால் சிதறிக் கிடக்கும் இடங்களைத் தொகுப்பாக முன்மொழிய வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் எல்லையும் அதைச் சுற்றிக் காப்பு வளையமும் வரைய வேண்டும். அந்த வளையம் விழுவது யாருடைய செம்பனை லாட்டில் என்று பார்த்தால், கதை திரும்ப நில அலுவலகத்துக்கே வருகிறது. எல்லை கடந்த கூட்டு முன்மொழிவு என்ற யோசனையும் மாநாடுகளில் வரும். யாராங், தக்குவாபா, பூஜாங் மூன்றையும் சேர்த்தால் அழகான தொகுப்புதான். ஆனால் ஒரு மாநிலத்துக்குள் ஒரு லாட்டைக் காக்க முடியாத நிலையில், இரண்டு நாட்டு அமைச்சுகள் கையெழுத்திடும் கோப்பை நம்பிக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

சிறிய வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். அறிவிப்பு முடியும்வரை ஆபத்தில் உள்ள இடத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. 2013இல் இயந்திரம் இறங்குவதற்கு முன் அப்படி ஒரு ஆணை போயிருந்தால் விவாதமாவது மிச்சமாகியிருக்கும். இதற்குப் பெரிய இயக்கம் தேவையில்லை. பீடோங், செமிலிங் பக்கத்துக் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் போதும். தைப்பூசத்துக்கு ஊர் திரும்பும் பழைய தோட்டக்காரர்களிடம் கேட்டால் இன்னும் சிலருக்கு இடம் நினைவிருக்கும்; அவர்களுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது என்பதால் அடுத்த தைப்பூசம் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். கல்லைத் தொடாமல், தோண்டாமல், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். கைப்பேசியிலேயே இருப்பிடக் குறியீடு கிடைக்கும். தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்; கிடைக்காவிட்டால் அதையும் கடிதத்தில் எழுதலாம். லாட் எண்ணை நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடி எடுக்கலாம். வேல்ஸ் போட்ட எண் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். கடிதம் மலாயில். பாரம்பரிய ஆணையருக்கு ஒன்று, நகல் மாவட்ட அதிகாரிக்கும் நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவுக்கும் மெர்போக் அருங்காட்சியகத்துக்கும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு பிரதி கோயில் அலமாரியில்.